பிசினும் காற்றும்

கஞ்சாச் செடியின் பெண் பூக்களை உருப்பெருக்கியில் பார்த்தால், குண்டூசி நட்டதுபோல் ஆயிரக்கணக்கான நுண்மயிர்கள் தெரியும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிறு உருண்டை. அதற்குள் ஊறுவதுதான் பிசின். செடியின் மருத்துவக் குணம், போதை, மணம் மூன்றும் பெரும்பாலும் அதில்தான் அடங்கியிருக்கின்றன. அந்த உருண்டைகளைக் கையால் தேய்த்தோ சல்லடையில் சலித்தோ திரட்டினால் சரஸ் என்றும் ஹாஷிஷ் என்றும் வழங்கும் கட்டி கிடைக்கும். ஆல்கஹால், பியூட்டேன் போன்ற கரைப்பானில் கரைத்துப் பிறகு கரைப்பானை ஓட்டிவிட்டால் எண்ணெயோ மெழுகோ மிஞ்சும். சூடும் அழுத்தமும் மட்டும் கொடுத்துப் பிழிவது ரோசின். கண்ணாடிச் சில்லுபோல் உடையும் வகைக்கு ஷாட்டர் என்று பெயர். எடுக்கும் முறை எதுவானாலும் இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பலவீனம் உண்டு. காற்றுப்பட்டால் கெடும். பொன்னிறம் பழுப்பாகும், பழுப்பு கறுக்கும், மணம் மட்கும், வீரியம் குறையும்.

இந்தக் கெடுதலின் வேதியியல் விளங்க நெடுங்காலம் பிடித்தது. 1896இல் கேம்பிரிட்ஜில் உட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்டு என்ற மூன்று வேதியியலாளர்கள் இந்தியச் சரஸை ஆராய்ந்து, அதிலிருந்து தடித்த சிவப்பு எண்ணெய் ஒன்றை வடித்தெடுத்தார்கள். சில ஆண்டுகளில் அதிலிருந்து தூய பொருள் ஒன்றைப் பிரித்து, கன்னாபினால் என்று பெயரிட்டார்கள். போதை தரும் பொருள் அதுதான் என்ற எண்ணம் அப்போது இருந்தது. 1930களில் ராபர்ட் கான் அதன் மூலக்கூறு அமைப்பைப் பெருமளவு கண்டறிந்தார். 1940இல் அமெரிக்காவில் ரோஜர் ஆடம்ஸின் குழுவும் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் டாடின் குழுவும் அதைச் செயற்கையாகவே தயாரித்துக் காட்டின. ஆனால் தூய கன்னாபினாலுக்கு எதிர்பார்த்த வீரியம் இல்லை. உண்மையான பொருளான டெட்ராஹைட்ரோகன்னாபினால், சுருக்கமாக டி.எச்.சி., 1964இல்தான் தூய வடிவில் பிரிக்கப்பட்டு, அதன் அமைப்பும் உறுதியானது. இஸ்ரேலின் யெஹியல் கவோனியும் ரஃபேல் மெக்கூலமும் அதைச் செய்தார்கள். அவர்கள் ஆராய்ந்தது காவல்துறை பறிமுதல் செய்து வைத்திருந்த லெபனான் ஹாஷிஷ்.

டி.எச்.சி. கிடைத்த பிறகு பழைய புதிர் அவிழ்ந்தது. உயிருள்ள செடியில் கன்னாபினால் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். டி.எச்.சி. காற்றுப்பட்டுச் சிதைவதால் அது உண்டாகிறது. மலை கடந்து, கடல் கடந்து, மாதக்கணக்கில் மூட்டையிலும் பெட்டியிலும் கிடந்து கேம்பிரிட்ஜ் சேர்ந்த சரஸில் அது நிறையச் சேர்ந்திருந்தது. செடி செய்த பொருளுக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் முன்பாகவே, காற்று செய்த பொருள் அறிவியலுக்கு அறிமுகமாகிவிட்டது.

இரண்டுக்கும் உள்ள வேற்றுமை நான்கே நான்கு ஹைட்ரஜன் அணுக்கள். டி.எச்.சி. மூலக்கூறில் 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன். கன்னாபினாலில் ஹைட்ரஜன் 26 மட்டும். டி.எச்.சி.யின் ஒரு வளையத்தில் ஒரேயொரு இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. அதை அடுத்துள்ள கார்பன்களில் ஒட்டியிருக்கும் ஹைட்ரஜன்கள் எளிதில் பறிபோகும் நிலையில் உள்ளவை. ஆக்சிஜன் அங்கேதான் கை வைக்கிறது. ஒரு ஹைட்ரஜன் போனால் அந்த இடம் ஆக்சிஜனை ஏற்று பெராக்சைடாகும். அது அடுத்த மூலக்கூறிடமிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கும். இப்படிச் சங்கிலிபோல் வினை நீளும். இடையில் பலவகை இடைநிலைப் பொருள்கள் தோன்றி மறைந்து, கடைசியில் அந்த வளையம் பென்சீன் போன்ற நிலையான அரோமாட்டிக் வளையமாகிவிடும். அதற்கு மேல் அது எளிதில் மாறாது. சரிவில் உருண்ட கல் பள்ளத்தில் வந்து அமர்வதைப் போன்ற நிலை அது. கன்னாபினாலின் வீரியம் டி.எச்.சி.யில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு என்று பொதுவாக மதிப்பிடப்படுகிறது.

நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ காறிப்போவதும் அடிப்படையில் இதே வகை வினைதான். ஆகவே எண்ணெயைக் காறாமல் காக்கும் வழிகள் பிசினுக்கும் பொருந்தும். ஆனால் பிசினுக்கென்று தனியே சில சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது, செடியில் டி.எச்.சி. அதே வடிவில் இருப்பதில்லை. அதன் அமில வடிவமாகவே இருக்கிறது. சூடு பட்டால் அந்த அமிலம் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டு டி.எச்.சி. ஆகிறது. 100 கிராம் அமிலம் 88 கிராமுக்குச் சற்றே குறைவான டி.எச்.சி.யைத் தரும். அறை வெப்பத்திலும் இது மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். ஆகவே சேமிப்பில் இரண்டு மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. அமிலம் டி.எச்.சி.யாகும், டி.எச்.சி. கன்னாபினாலாகும். சேமித்த தொடக்கத்தில் சில மாதிரிகளில் டி.எச்.சி. அளவு கூடுவதுபோல் தெரிவது இதனால்தான்.

இரண்டாவது, வெளிச்சம். லண்டனில் ஃபேர்பேர்ன் என்பவரும் சக ஆய்வாளர்களும் 1976இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுவது. நேர் வெயில்கூட வேண்டாம், அறையில் பரவும் வெளிச்சமே டி.எச்.சி., கன்னாபினால் போன்ற கன்னாபினாய்டுகளை அழிப்பதில் மற்றெல்லாக் காரணங்களையும்விட வலியது, கரைசல்களில் இது இன்னும் கடுமை என்று அவர்கள் கண்டார்கள். காற்றின் பங்கு அடுத்தது. 20 டிகிரி வரையிலான வெப்பத்தின் பங்கு அவ்வளவாக இல்லை. கவனமாகத் தயாரித்த பூவோ பிசினோ சாறோ, இருட்டில் வைத்தால் அறை வெப்பத்திலேயே ஓரிரு ஆண்டுகள் ஓரளவு நிலைத்திருக்கும் என்பது அவர்களது முடிவு. அந்த அறை லண்டன் அறை என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. 35 டிகிரியில் தகிக்கும் ஊருக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் வழங்கும் தோராயக் கணக்கு.

எவ்வளவு வேகமாகக் கெடுகிறது என்பதற்கு நம்பகமான எண்கள் மிசிசிப்பி பல்கலைக்கழகத்திலிருந்து வந்தன. அமெரிக்க அரசின் ஆராய்ச்சிக்கெனக் கஞ்சா பயிரிடும் இடம் அது. அறை வெப்பத்தில் சேமித்த பூ மாதிரிகளை ரோஸ், எல்சோலி இருவரும் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து அளந்தார்கள். முதல் ஆண்டு முடிவில் டி.எச்.சி. சராசரியாக 16.6 விழுக்காடு குறைந்திருந்தது. இரண்டாம் ஆண்டு முடிவில் இழப்பு 26.8, மூன்றாம் ஆண்டில் 34.5, நான்காம் ஆண்டில் 41.4 விழுக்காடு. முதல் ஆண்டின் இழப்பே பெரிது, பிறகு வேகம் தணிகிறது. கன்னாபினாலுக்கும் டி.எச்.சி.க்கும் உள்ள விகிதத்தை வைத்து, ஒரு மாதிரி எத்தனை காலம் கிடந்தது என்று தோராயமாகச் சொல்லலாம் என்பதும் இந்த ஆய்வில் புலப்பட்டது. ஆனால் குறைந்த டி.எச்.சி. முழுவதும் கன்னாபினாலாக மாறிவிடுவதில்லை. ஒரு பங்கு வேறு பொருள்களாகச் சிதறிப்போகிறது. வெளிச்சத்தில் கெட்ட சரக்கில் இந்தக் கணக்கு இன்னும் பிசகும்.

இந்த வினையை அதன் கடைசி எல்லை வரை காட்டும் சான்று ஒன்று சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் உள்ள துர்பான் அருகே, யாங்ஹாய் கல்லறைகளில் கிடைத்தது. ஏறத்தாழ 2,700 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒருவரின் அருகில் 789 கிராம் கஞ்சா இருந்தது. பாலைவனத்து வறட்சியில் அது பச்சை நிறம்கூட மாறாமல் கிடந்தது. 2008இல் வெளியான பகுப்பாய்வில் அதில் மிஞ்சியிருந்த கன்னாபினாய்டுகளில் முதன்மையானது கன்னாபினால். டி.எச்.சி. போன வழி அதிலிருந்து தெரிந்தது. ஈரமும் இல்லை, வெளிச்சமும் இல்லை, இருந்தும் காலமும் காற்றும் வேலையை முடித்திருந்தன.

பூவைவிடத் தனியே பிரித்த பிசினுக்கு ஆபத்து அதிகம். முழுப் பூவில் ஒவ்வொரு பிசின் உருண்டையையும் மெழுகுத் தன்மையுள்ள மெல்லிய தோல் மூடியிருக்கிறது. செடி தானே செய்து தந்த உறை அது. தேய்த்தாலும் அரைத்தாலும் கரைத்தாலும் அது கிழிந்துவிடும். சுரப்பிகள் சிதையாமல் பார்த்துக்கொண்டால் காற்றால் வரும் இழப்பு குறையும் என்பது ஃபேர்பேர்ன் ஆய்வின் இன்னொரு முடிவு. உறையை இழந்த பிசினுக்கு அதன் பிறகு ஒரே கவசம் அதன் பருமன்தான். ஒரு சென்டிமீட்டர் கனசதுரக் கட்டியின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக நொறுக்கினால் மொத்த மேற்பரப்பு 60 சதுர சென்டிமீட்டர். எடை அதேதான், காற்றுக்குக் காட்டும் முகம் பத்து மடங்கு. அழுத்தித் திரட்டிய சரஸ் உருண்டையை அறுத்துப் பார்த்தால் வெளியே கறுத்த ஓடும் உள்ளே வெளிர்நிறமும் தெரிவதற்குக் காரணம் இதுதான். வெளி ஓடு கெட்டு, உள்ளே ஆக்சிஜன் போகும் வழியை மெதுவாக்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் யார்கண்டிலிருந்து காரகோரம் கணவாய்கள் வழியாக லே வந்து, பிறகு பஞ்சாபின் ஹோஷியார்பூர் சந்தைக்கு இறங்கிய சரஸ் பொடியாக வராமல் கட்டியாகவே வந்தது. பருமனாக வைத்தால் தாங்கும் என்பது வணிகர்களுக்குப் பழக்கத்தில் தெரிந்த செய்தியாக இருந்திருக்க வேண்டும்.

பாத்திரம் எவ்வளவு பெரியது என்பது பலர் நினைப்பதைவிட முக்கியம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 மில்லிலிட்டர் காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 2.1 மில்லிலிட்டர். டி.எச்.சி. மூலக்கூறு ஒன்று இழக்கும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களையும் நீராக்க ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு போதும். அந்தக் கணக்கில் 10 மில்லிலிட்டர் காற்றால் மிஞ்சிப் போனால் 27 மில்லிகிராம் டி.எச்.சி.யைத்தான் கன்னாபினாலாக மாற்ற முடியும். ஒரு கிராம் பிசினில் 700 மில்லிகிராம் டி.எச்.சி. இருந்தால் அது நான்கு விழுக்காட்டுக்கும் குறைவு. அதே ஒரு கிராமை 100 மில்லிலிட்டர் ஜாடியில் போட்டால் உள்ளே இருக்கும் ஆக்சிஜன் 270 மில்லிகிராமுக்குப் போதும். மூடிய ஜாடியில் வினை ஒரு நாளில் முடிந்துவிடாது. ஆனால் எல்லை எங்கே என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. சிறு பாத்திரத்தை நிரப்பி இறுக மூடி, திறக்காமல் வைத்தால் உள்ளே உள்ள ஆக்சிஜன் தீர்ந்ததும் காற்றால் வரும் கெடுதல் நின்றுவிடும். தினமும் திறந்தால் தினமும் புது ஆக்சிஜன் உள்ளே வரும். மொத்தத்தையும் ஒரே ஜாடியில் வைத்துக் கிளறிக்கொண்டிருப்பதைவிட, சிறு குப்பிகளாகப் பிரித்து ஒவ்வொன்றாகத் திறப்பது நல்லது என்பதற்கு இதைவிடத் தெளிவான நியாயம் தேவையில்லை.

குப்பி எதனால் ஆனது என்பது அடுத்த கேள்வி. கண்ணாடியின் வழியே ஆக்சிஜன் நுழையாது, பிசின் அதைக் கரைக்கவும் செய்யாது. பழுப்புக் கண்ணாடியாக இருந்தால் கேடு செய்யும் ஒளி பெரும்பகுதி தடுக்கப்படும். பிளாஸ்டிக்கில் இரண்டு குறைகள். பிசினின் மணப்பொருள்களான டெர்பீன்கள் சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கும், பாலிஸ்டைரீனைக் கரைத்தே விடும். டி.எச்.சி. நீரில் ஏறக்குறையக் கரையாத கொழுப்பு விரும்பி என்பதால் பிளாஸ்டிக், ரப்பர் பரப்புகளில் ஒட்டிக்கொண்டு அளவு குறையும். சிலிக்கோன் டப்பாவில் பிசின் ஒட்டாது என்பதால் அது வழக்கத்தில் பரவிவிட்டது. ஆனால் சிலிக்கோன் ரப்பர் ஆக்சிஜனை மிக எளிதில் கடத்தும் பொருள்களுள் ஒன்று. கையில் ஒட்டாமல் எடுக்க அது வசதி, மாதக்கணக்கில் வைக்க அது ஏற்றதல்ல. கண்ணாடிக் குப்பிக்கும் மூடியே பலவீனமான இடம். டெஃப்லான் பூசிய உள்வட்டு உள்ள மூடியை ஆய்வகங்கள் விரும்புவதற்கு அதுவே காரணம்.

குளிர்ச்சி எல்லா வினைகளையும் ஒருசேர மெதுவாக்கும். குளிர்பதனப் பெட்டியில் சில மாதம், உறைநிலையில் அதைவிட நெடுங்காலம் என்பது பொது அனுபவம். ஆனால் குளிர்ந்த குப்பியை வெளியே எடுத்தவுடன் திறந்தால் காற்றிலுள்ள ஈரம் பிசின்மேல் பனித்துவிடும். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போலத்தான் இதுவும். மூடியபடியே அறை வெப்பத்துக்கு வரவிட்டுப் பிறகு திறக்க வேண்டும். கடலோர ஊர்களில் இந்த ஒரு பழக்கத்தைத் தவறவிட்டாலே குளிரில் வைத்த பலன் பாதி போய்விடும்.

ஆக்சிஜனையே அகற்றிவிடுவது இன்னும் நேரான வழி. உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டில் நைட்ரஜன் அடைப்பதைப் போல, குப்பியில் நைட்ரஜனோ ஆர்கானோ செலுத்திக் காற்றை வெளியேற்றலாம். ஆர்கான் காற்றைவிட எடை கூடியது என்பதால் மெதுவாக ஊதினால் பிசின்மேல் படுக்கை விரித்ததுபோல் படிந்துகொள்ளும். வெற்றிடமாக்குவதும் ஆக்சிஜனை அகற்றும். ஆனால் அழுத்தம் குறைந்தால் எளிதில் ஆவியாகும் மணப்பொருள்களும் கூடவே வெளியேறும். மணம் வேண்டியவர்களுக்கு வாயு அடைப்பதே ஏற்றது.

அந்த மணப்பொருள்களின் கதை டி.எச்.சி.யின் கதையைவிட வேகமானது. மிர்சீன், பைனீன், லிமோனீன் போன்ற சிறு டெர்பீன்கள் காற்றுப்பட்டால் முதலில் பறந்துபோகும். மிசிசிப்பியில் ரோஸும் எல்சோலியும் செய்த இன்னோர் அளவீட்டில், புதிதாகப் பறித்த பூவில் 0.29 விழுக்காடாக இருந்த மண எண்ணெய், உலர்த்திய ஒரு வாரத்தில் 0.20 விழுக்காடாகவும் மூன்று மாதத்தில் 0.13 விழுக்காடாகவும் குறைந்தது. பறக்காமல் நிற்பவை ஆக்சிஜனோடு சேர்ந்து வேறாகின்றன. மிர்சீனிலிருந்து உண்டாகும் ஒரு பொருள் ஹாஷிஷுக்கே உரிய மணக்கூறாக 2014இல் அடையாளம் காணப்பட்டு, ஹாஷிஷீன் என்றே பெயர் பெற்றது. அது புதுப் பூவில் முக்கியமில்லை, பதப்படுத்திய பிசினில் தெரிகிறது. மிளகிலும் கிராம்பிலும் உள்ள காரியோஃபிலீன் ஆக்சிஜன் ஏற்றுக் காரியோஃபிலீன் ஆக்சைடாகிறது. போதைப்பொருள் மோப்ப நாய்கள் கஞ்சாவை அடையாளம் காண்பது பெரும்பாலும் இந்த ஆக்சைடின் வாசனையைக் கொண்டுதான். நாய்க்கு டி.எச்.சி. மணக்காது. லிமோனீன் பழுதானால் உண்டாகும் பெராக்சைடுகள் தோலில் ஒவ்வாமை தரக்கூடியவை. ஆகவே பழைய பிசினை வீரியம் குறைந்த சரக்கு என்று மட்டும் நினைப்பது போதாது. அதில் முன்பு இல்லாத பொருள்களும் சேர்ந்திருக்கும்.

பார்வைக்குக் கெட்டதுபோல் தோன்றும் எல்லாம் கெட்டதல்ல. கண்ணாடிபோல் தெளிந்திருந்த ஷாட்டர் சில வாரத்தில் தேன் உறைந்ததுபோல் மங்கி மணல்மணலாகிவிடலாம். அமில வடிவம் படிகமாவதால் வரும் மாற்றம் அது. ஈரம், வெப்பம், கையாளும்போது ஏற்படும் அசைவு ஆகியவை அதைத் தூண்டும். உருவம்தான் மாறியது, பொருள் மாறவில்லை. நிறம் கறுப்பதும் மணம் மட்குவதும்தான் ஆக்சிஜனேற்றத்தின் உண்மையான அடையாளங்கள்.

மருந்துத் துறை இந்தச் சிக்கலைச் சட்டம் அனுமதித்த எல்லைக்குள் ஒழுங்காகக் கையாண்டிருக்கிறது. 1985இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாரினால் என்பது செயற்கை டி.எச்.சி.யை நல்லெண்ணெயில் கரைத்து மென் காப்சூலில் அடைத்த மருந்து. நல்லெண்ணெயில் செசமால் வகையைச் சேர்ந்த இயற்கைத் தடுப்பிகள் இருப்பதால் அது மற்ற எண்ணெய்களைவிடக் காறலைத் தாங்கும் என்பது தமிழ்ச் சமையலறைகளுக்குப் பழைய செய்தி. அப்படியிருந்தும் அந்தக் காப்சூலை 8 முதல் 15 டிகிரிக்குள் வைக்கும்படி அறிவுறுத்தப்படுகிறது. பிரிட்டனில் உருவான சாட்டிவெக்ஸ் வாய்த்தெளிப்பில் டி.எச்.சி.யும் கஞ்சாவின் இன்னொரு கன்னாபினாய்டான கன்னாபிடையாலும் ஆல்கஹாலிலும் புரோப்பிலீன் கிளைக்காலிலும் கரைந்திருக்கின்றன. திறக்காத குப்பி குளிர்பதனப் பெட்டியில் இருக்க வேண்டும். 10 மில்லிலிட்டர் குப்பியைத் திறந்தால் 42 நாளுக்குள் முடித்துவிட வேண்டும். 2018இல் அமெரிக்கா அனுமதித்த எபிடியோலெக்ஸ், அரிய வகை வலிப்பு நோய்களுக்கான கன்னாபிடையால் மருந்து. அதுவும் நல்லெண்ணெயில் கரைந்தது, திறந்தபின் அதன் ஆயுள் 12 வாரம். தீவிர வலிப்புள்ள குழந்தைக்கு ஒவ்வொரு வேளையும் ஒரே அளவு மருந்து போய்ச்சேர வேண்டும். பெயர்ப்பட்டியில் அச்சிட்டிருக்கும் இந்த நாள் கணக்குக்குப் பின்னால் நிற்பது அந்தத் தேவைதான்.

சேர்மானம் சேர்த்துப் பிசினைக் காக்கலாம் என்ற எண்ணத்துக்கு ஓர் எல்லை உண்டு. வைட்டமின் ஈ போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் விழுங்கும் மருந்தில் பயன்படும். மூச்சில் இழுக்கும் பொருளுக்கு அந்த விதி செல்லாது. 2019இல் அமெரிக்காவில் மின்னணுப் புகைக்குழாய்களில் அடைத்த டி.எச்.சி. எண்ணெயில் வைட்டமின் ஈ அசிடேட் கலக்கப்பட்டிருந்தது. அது கெடாமல் காக்கச் சேர்த்ததல்ல, எண்ணெயைத் தடிப்பாகக் காட்டிப் பெருக்கச் சேர்த்தது. வயிற்றுக்குத் தீங்கில்லாத அந்தப் பொருள் நுரையீரல் காயத்துடன் வலுவாகத் தொடர்புபடுத்தப்பட்டது. 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோ இறந்தோ பதிவாகியிருந்தார்கள். அவர்களுள் 68 பேர் உயிரிழந்தவர்கள். மூச்சில் இழுக்கும் பிசினில் எதையும் சேர்க்காமல் இருட்டையும் குளிரையும் இறுக்கமான மூடியையும் நம்புவதே பாதுகாப்பு.

இந்தியாவில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி சரஸும் கஞ்சாவும் தடைக்குள் வருகின்றன. இலையில் செய்யும் பாங் மட்டும் அந்த வரையறைக்கு வெளியே நிற்கிறது. ஆகவே இங்கே இந்த வேதியியல் அன்றாடம் வேலைக்கு வருவது தடயவியல் ஆய்வகங்களில். பறிமுதலான மாதிரி நீதிமன்றத்துக்குப் போகும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அதற்குள் டி.எச்.சி. குறைந்து கன்னாபினால் ஏறியிருக்கும். மாதிரியை முதலில் எப்போது சோதித்தார்கள், இடையில் எங்கே எப்படி வைத்திருந்தார்கள் என்பது தெரியாமல் பின்னாளைய அளவீட்டைப் படிக்க முடியாது. சோதனைக்கு ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் தூய டி.எச்.சி.க்கும் இதே ஆபத்து உண்டு. வழக்கமாக அது ஒரு மில்லிலிட்டர் மெத்தனாலில் ஒரு மில்லிகிராம் என்ற அளவில் கரைத்து, மந்த வாயு நிரப்பி, பழுப்புக் கண்ணாடி ஆம்பூலில் உருக்கி மூடப்பட்டு, மைனஸ் 20 டிகிரியில் வைக்கப்படுகிறது. ஆம்பூலை ஒருமுறை உடைத்தால் திரும்ப மூட வழியில்லை. மிச்சத்தைச் சிறு குப்பிக்கு மாற்றி, திறந்த தேதியை மேலே எழுதி ஒட்டி, மறுபடி உறைநிலைக்குள் வைக்கிறார்கள்.